நாம் வந்த வழியும் நம் வீட்டுத் தமிழும்

(பொம்மசந்திராவில் நடைபெற்ற நமது சங்கக் கிளையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் எழுத்தில் தரப்படுகிறது.)



ஆண்டு விழா என்றால் வேத கோஷம், வரவேற்புரை, ஆண்டறிக்கை, கௌரவித்தல், கச்சேரி, போஜனம் என்று ஒரு வரிசை உண்டு. கச்சேரிக்கும் போஜனத்துக்கும் நடுவில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அது எவ்வளவு ஆபத்தான இடம் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் அரை மணிக்குள் முடித்துவிடுகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு "நமது பாரம்பரியமும் நம் முன்னோர் குடியேற்றமும்". பாரம்பரியம் பற்றிப் பேச நம்மிடையே ஆட்களுக்குப் பஞ்சமில்லை. குடியேற்றம் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. யாராவது "ஸார், உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டால் கும்பகோணம் பக்கம், திருநெல்வேலி ஜில்லா, பாலக்காடு என்று சொல்லிவிடுகிறோம். எப்போது வந்தோம், ஏன் வந்தோம், வந்த இடம் நமக்கு என்ன கொடுத்தது, நாம் என்ன திருப்பிக் கொடுத்தோம் என்று அடுத்த கேள்வி வந்தால் பேச்சை மாற்றிவிடுகிறோம். இன்று அந்த அடுத்த கேள்விகளைக் கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தை எடுத்துக்கொள்வோம். பொம்மசந்திரா, ஆனேக்கல் தாலுகா. ஓசூர் ரோட்டில் இன்னும் சுமார் 10 கிலோமீட்டர் போனால் அத்திப்பள்ளி, அதைத் தாண்டினால் தமிழ்நாடு. ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில்தான் 1878-ல் ராஜாஜி பிறந்தார். அவர் பட்டப் படிப்புக்கு வந்தது பெங்களூர் சென்ட்ரல் காலேஜுக்கு. அந்தக் காலத்துப் பிள்ளைக்குச் சென்னையை விட இந்த ஊர்தான் கிட்டே. 2025 ஆகஸ்ட் 10-ஆம் தேதி திறக்கப்பட்ட மெட்ரோ மஞ்சள் பாதை, ஆர்.வி. ரோட்டில் புறப்பட்டு 16 நிலையங்களைத் தொட்டுக்கொண்டு 19 கிலோமீட்டர் ஓடி இங்கே வந்து முடிகிறது. இன்று விழாவுக்கு ஜயநகரிலிருந்தும் பி.டி.எம். லே-அவுட்டிலிருந்தும் பலர் அதில்தான் வந்து இறங்கினீர்கள்.

அந்தப் பாதையில் சில்க் போர்டு நிலையத்துக்குப் பக்கம் மடிவாளா. அங்கே சோமேஸ்வரர் கோயிலில் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள். கோலார் கோலாரம்மன் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்தவை. 1004 வாக்கில் சோழப் படை தலக்காட்டைப் பிடித்தது. ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் 1116-17-ல் அதை மீட்டான். நடுவில் ஒரு நூற்றாண்டு இந்தப் பிரதேசம் சோழர் ஆட்சியில் இருந்தது. இதையெல்லாம் படியெடுத்துப் பதிப்பித்தவர் பெங்களூரிலேயே பிறந்த பி.எல். ரைஸ் என்ற ஆங்கிலேயர். அவருடைய எபிக்ராஃபியா கர்நாடிகா தொகுதிகளைப் புரட்டினால் நம் வீட்டுக்குப் பக்கத்துக் கோயிலெல்லாம் அதில் வரும்.

இதைச் சொன்னவுடன் நம்மில் சிலருக்கு மார்பு நிமிரும். "பார்த்தீர்களா, நாம்தான் முதலில் வந்தோம்" என்று தோன்றும். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஓசூர் ரோட்டை ஒட்டிய பேகூரில் சுமார் 890-ஆம் ஆண்டின் வீரக்கல் ஒன்று உண்டு. பெங்களூர் என்ற பெயர் காணப்படும் அந்தக் கல்வெட்டு கன்னடத்தில் இருக்கிறது. 2018-ல் ஹெப்பாளில் கண்டெடுத்த கிட்டய்யா கல்வெட்டு அதற்கும் முந்தியது, சுமார் 750. அதுவும் கன்னடம்தான். அரசாங்க உத்தியோகத்தில் ஆயுளில் பாதியைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கோயில் கல்வெட்டு என்பது தான சாசனம். இன்னார் இன்ன சுவாமிக்கு இன்னதைக் கொடுத்தார் என்று அதில் எழுதியிருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்குப் பட்டா கேட்க முடியாது. நம் முன்னோர் இந்த மண்ணில் எதையாவது கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. அதுவே பெரிய பெருமை. அதற்கு மேல் வேண்டாம்.

இனி நம்மவர்கள் வந்த வழிகளைப் பார்க்கலாம். ஒரே வழியாக, ஒரே காலத்தில் நாம் வரவில்லை.

முதல் வழி ஸ்ரீராமானுஜர் வந்த வழி. சோழ நாட்டில் இருக்க முடியாத நிலையில் அவர் ஹொய்சள தேசத்துக்கு எழுந்தருளினார், தொண்டனூரிலும் மேல்கோட்டையிலும் தங்கினார் என்பது ஸம்பிரதாயம். ஹாஸன் ஜில்லாவின் சாந்திகிராமம், நுக்கேஹள்ளி போன்ற ஊர்களில் வேர் விட்ட ஹெப்பார் ஐயங்கார்கள் தங்கள் வரலாற்றை அந்தக் காலத்திலிருந்து எண்ணுகிறார்கள். மண்டயம் ஐயங்கார்கள் திருப்பதிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் மண்டியா அவர்களுக்கு அக்ரஹாரமாகக் கிடைத்தது என்பது அவர்கள் மரபு.

இரண்டாவது வழி சங்கேதிகள் வந்த வழி. செங்கோட்டைச் சீமையில், நாச்சாரம்மா என்ற கல்வியறிவு மிக்க ஸ்திரீயை ஊர்ப் பண்டிதர்கள் அவமதித்தார்கள். அவர் ஊரை விட்டுப் புறப்பட்டபோது பல குடும்பங்கள் அவரோடு நடந்தன என்று அவர்கள் பரம்பரையாகச் சொல்கிறார்கள். ஹாஸனுக்குப் பக்கத்துக் கௌசிகத்திலும், பிரியாபட்டணத்துக்குப் பக்கத்துப் பெட்டதபுரத்திலும் குடியேறினார்கள். ஒரு பெண்மணிக்கு நேர்ந்த அவமதிப்புக்காக வீடு வாசலை விட்ட கூட்டம் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்களே, அதைக் கேட்டு நாம் கை கூப்ப வேண்டும். அவர்கள் வீட்டில் பேசும் பாஷையில் தமிழும் மலையாளமும் கன்னடமும் கலந்து வரும். நம்மில் சிலர் அதைக் கேட்டுச் சிரிப்பதுண்டு. சிரிக்கக் கூடாது. எழுத்தும் பள்ளிக்கூடமும் இல்லாமல், தாய் வாயிலிருந்து பிள்ளை வாய்க்கு என்ற ஒரே வழியில், இத்தனை நூற்றாண்டு ஒரு பேச்சைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நாம் ஐம்பது வருஷத்துக்குள் தவிக்கிறோம்.

அவர்கள் இந்த நாட்டுக்குத் திருப்பிக் கொடுத்ததையும் பாருங்கள். காவேரிக் கரையில் ருத்ரபட்டணம் என்ற ஒரு சின்ன ஊர். ஸங்கீத வித்வான்கள் விளைகிற ஊர். 1920-ல் அங்கே பிறந்த ஆர்.கே. ஸ்ரீகண்டன் 2011-ல் பத்மபூஷண் பெற்றார். சிவமொக்கா அருகே துங்கா நதிக்கரை மத்தூரில் ஸம்ஸ்கிருதம் தெருவில் பேசும் பாஷை. அதற்கு எதிர்க்கரை ஹொசஹள்ளியில் கமகக் கலையை வளர்த்த எச்.ஆர். கேசவமூர்த்திக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கமகம் என்பது பழங் கன்னடக் காவியங்களை ராகத்தோடு வாசிக்கும் கலை. செங்கோட்டையிலிருந்து வந்தவர்களின் சந்ததி கன்னடக் காவியத்துக்குக் குரல் கொடுத்தது.

ஹெப்பார், மண்டயம் வீடுகளில் இன்னொரு அதிசயம். தமிழ் எழுத்துப் படிக்கத் தெரியாத குடும்பங்கள் அநேகம். ஆனால் அடுக்களையில் இன்றைக்கும் தளிகை, சாத்தமுது, கறியமுது, திருக்கண்ணமுது என்ற சொற்கள்தான். மேல்கோட்டை ஸந்நிதியில் திவ்யப் பிரபந்தம் தமிழில்தான் ஸேவிக்கப்படுகிறது. பலர் கையில் இருக்கும் புத்தகம் கன்னட லிபியில் அச்சிட்டது! லிபி மாறியது, ஒலி மாறவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இந்தக் குடும்பங்கள் தமிழ்நாட்டுக்கும் திரும்பக் கொடுத்திருக்கின்றன. சிக்கமகளூரில் பிறந்த மண்டயத்து அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் சேர்த்து 1893-ல் விவேகானந்தரைச் சிகாகோவுக்கு அனுப்பியவர்களில் முதன்மையானவர். பாரதியாரின் "இந்தியா" பத்திரிகையை நடத்தியவர்கள் மண்டயம் குடும்பத்தினர். புதுச்சேரியில் பாரதியாரின் மடியில் விளையாடி, பிற்காலத்தில் அவரைப் பற்றிய நினைவுகளை எழுதிய யதுகிரி அம்மாளும் அந்தக் குடும்பத்துப் பெண்தான். யதுகிரி என்பது மேல்கோட்டையின் பெயர். ஊரை விட்டாலும் பெயரில் ஊரைச் சுமந்தார்கள்.

மூன்றாவது வழி உத்தியோக வழி. 1881-ல் மைசூர் ராஜ்யம் மீண்டும் உடையார் கைக்கு வந்தபோது திவான் ரங்காசார்லு. அவருக்குப் பின் 1883 முதல் 1901 வரை சேஷாத்ரி ஐயர். பதினெட்டு வருஷம். பாலக்காட்டுக்காரர். ஹெஸரகட்டாவிலிருந்து பெங்களூருக்குக் குழாய்த் தண்ணீர், சிவசமுத்திர நீர்மின் திட்டம், 1898 பிளேகுக்குப் பின் மல்லேஸ்வரம், பஸவனகுடி என்ற புதுப் பேட்டைகள் எல்லாம் அவர் காலத்தவை. 1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம் கோலார் தங்கவயலுக்குப் போனது. 1905 ஆகஸ்டில் பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிந்தது. இரண்டையும் பார்க்க அவர் இல்லை. 1901-லேயே காலமாகிவிட்டார். கப்பன் பார்க்கில் அவர் சிலை இருக்கிறது.

ஆனால் கணக்கு என்றால் இரண்டு பத்தியும் எழுத வேண்டும். அந்தத் திவான்கள் காலத்தில் சென்னை ராஜதானியிலிருந்து வந்தவர்கள் பெரிய உத்தியோகங்களில் நிறைந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மனத்தாங்கல் வந்தது. "மைசூர் மைசூரியருக்கே" என்ற கோஷம் எழுந்தது. அதை அடுத்து, பிராமணரல்லாத வகுப்பினரும் தங்களுக்கு உரிய பங்கைக் கேட்டார்கள். 1918-ல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் மில்லர் கமிட்டியை நியமித்தார். அது அவர்களுக்கு உத்தியோகத்தில் இட ஒதுக்கீட்டைப் பரிந்துரைத்தது. நம் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிக் குறைதான் கேட்டிருக்கிறேன். நாற்காலியில் இருந்தவன் தாத்தா. வாசலில் நின்றவனுக்கும் ஒரு தாத்தா இருந்தார். அவர் பக்கத்திலிருந்தும் ஒரு முறை யோசித்துப் பார்த்தால், கேட்டது நியாயம் என்று தெரியும்.

இன்னொன்று. பெங்களூர்த் தமிழர் என்றால் நாம் மட்டும் இல்லை. எண்ணிக்கையில் நாம் சிறு பகுதி. இந்த ஊரின் பெரிய திருவிழாவான கரகத்தைத் தர்மராய சுவாமி கோயிலிலிருந்து தலையில் சுமந்து வருபவர்கள் திகளர்கள். தோட்டக்கலையில் கை தேர்ந்தவர்கள். தமிழ்நாட்டு வேர் உள்ளவர்கள். அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். 1873-ல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தவரும் அவரே. கன்டோன்மென்டில் கல் உடைத்தவர்கள், பின்னி மில்லில் தறி ஓட்டியவர்கள், தங்கவயலில் பூமிக்கடியில் ஒரு மைல், இரண்டு மைல் ஆழம் இறங்கியவர்கள் எல்லோரும் நம் பாஷை பேசியவர்கள். நாம் கையெழுத்துப் போட்டோம். அவர்கள் உடம்பைப் போட்டார்கள். குடியேற்ற வரலாறு எழுதும்போது அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது நம் ஜாதகமாக இருக்கும், வரலாறாக இருக்காது.

நான்காவது வழி நம்மில் பலரும் அறிந்தது. 1909-ல் டாடா இன்ஸ்டிட்யூட், 1940-ல் எச்.ஏ.எல்.; 1948-ல் ஐ.டி.ஐ.; 1953-ல் எச்.எம்.டி.; 1954-ல் பி.இ.எல். இவற்றின் பெயரைச் சொன்னால் இந்த ஹாலில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவீர்கள். டிரங்குப் பெட்டியும் பட்டச் சான்றிதழும் கொண்டு வந்து, மல்லேஸ்வரத்தில் ஒற்றை அறையில் தங்கி, அப்பளமும் வடாமும் ஊரிலிருந்து வரவழைத்துக் குடித்தனம் நடத்திய தலைமுறை. ஐந்தாவது வழி, எலெக்ட்ரானிக் ஸிட்டி வழி. அது நம் பிள்ளைகளுடையது. அவர்களில் பாதிப் பேருக்கு இந்த ஊரும் பாதி வழிதான். ஸான் ஹோஸேயோ ஸிட்னியோ அடுத்த நிலையம்.

இத்தனை வழிகளிலும் வந்தவர்களை இந்த ஊர் வைத்துக்கொண்டது. 1991 டிசம்பரிலும் 2016 செப்டம்பரிலும் காவேரியின் பெயரால் நடந்தவை நமக்குத் தெரியும். மறைக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்தவர்கள் கன்னடம் பேசும் அண்டை வீட்டார்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு வருஷம் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி ஸர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. சண்டை போடுகிற வீட்டில் இரண்டு மூத்தவர்களைக் கொண்டு வந்து உட்கார வைத்த மாதிரி.

நான் விஞ்ஞானம் படித்தவன். ஓர் உதாரணம் சொல்லட்டுமா? மாமரத்தில் ஒட்டுக் கட்டுவது நமக்குத் தெரியும். உள்ளூர்க் கன்று வேர்த்தண்டு. மேலே வேறு ஊர் மரத்தின் கிளை. பழத்தின் ருசி மேலே கட்டிய கிளையின் ருசி. ஆனால் தண்ணீரும் சத்தும் கீழே இருக்கும் உள்ளூர் வேர் கொடுப்பது. கிளை தன் ருசியை விட வேண்டியதில்லை. வேரைப் பழிக்கவும் கூடாது. வேரைப் பழிக்கும் கிளை எத்தனை நாள் பச்சையாக இருக்கும்?

இப்படி ஒட்டிப் பழுத்தவர் மாஸ்தி வெங்கடேச ஐயங்கார். வீட்டில் தமிழ் பேசிய அவர் கன்னடச் சிறுகதைக்குத் தந்தை. 1983-ல் ஞானபீடப் பரிசு. "மாஸ்தி கன்னடத ஆஸ்தி" என்று ஊரே சொல்லும். மாஸ்தி கன்னடத்தின் சொத்து என்று பொருள். கன்னட நாடகத்தைப் புரட்டிப் போட்ட கைலாஸமும் தமிழ் வீட்டுப் பிள்ளை. மைசூரில் 1929-ல் பிறந்த ஏ.கே. ராமானுஜன் வீட்டில் மாடியில் அப்பாவோடு ஆங்கிலம், கீழே அடுக்களையில் அம்மாவோடு தமிழ், தெருவில் கன்னடம். அவர் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் நிலவறையில் 1962-ல் குறுந்தொகையைக் கண்டெடுத்து, பின்னர் ஸங்கக் கவிதையை உலகத்துக்கே ஆங்கிலத்தில் கொடுத்தார். அடுக்களைத் தமிழ் இருந்ததால்தான் அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை நீண்டது என்று நான் நினைக்கிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் "தாய்மொழி" என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு ஸென்ஸஸ்காரர்கள் கொடுக்கும் விளக்கம் அருமையானது. குழந்தைப் பருவத்தில் தாய் எந்த மொழியில் பேசினாளோ அதுதான் தாய்மொழி. ஜாதி, பூர்வீகம், கோத்திரம் எதுவும் அதில் வராது. அம்மா என்ன பேசினாள், அவ்வளவுதான். 2011-ல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 ஆக்கினார்கள். பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121. அடுத்த கணக்கெடுப்புக்கு அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என்று அறிவித்திருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பேரக்குழந்தைக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்? பழக்கத்தில் "தமிழ்" என்று எழுதிவிடுவோம். ஸென்ஸஸ் விளக்கத்தின்படி அது உண்மையாக இருக்குமா? "கம் ஹியர், ஈட் யுவர் தோசை" என்று ஆங்கிலத்தில் சாப்பிடக் கூப்பிடும் வீடுகள் எத்தனை? மருமகளைக் குறை சொல்ல வேண்டாம். காலை எட்டு மணிக்கு அவள் கிளம்பியாக வேண்டும். அவள் வங்காளியாகவோ பஞ்சாபியாகவோ கூட இருக்கலாம்; அவள் தாய்மொழியும் குழந்தைக்குச் சொத்துதான். பகல் முழுக்கக் குழந்தையோடு இருப்பது யார்? நாம். தாத்தாவும் பாட்டியும். பேரன் புரிந்துகொள்ள வேண்டும் என்று நாமே நமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசுகிறோம். சங்கேதிப் பாட்டிகள் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் தங்கள் பாஷையில் பேசினார்கள், குழந்தை புரிந்துகொண்டது. குழந்தையின் மூளைக்கு மூன்று பாஷை ஒரு பாரமே இல்லை. பாரம் எல்லாம் நமக்குத்தான்.

ஆகையால் செயற்குழுவுக்கு நான்கு யோசனைகள். பெரிய செலவில்லை.

முதலாவது, ஒவ்வொரு குடும்பமும் ஒரு தாள் எழுத வேண்டும். நான்கு தலைமுறைப் பெயர்கள், பூர்வீக ஊர், அந்த ஊர் ஆறு, குலதெய்வம், எந்த வருஷம் ஊரை விட்டோம், எதற்காக விட்டோம். பெண் வழியையும் எழுத வேண்டும். பாட்டியின் பிறந்த ஊர் பல வீடுகளில் யாருக்கும் தெரியாது. படிப்புக்கு வழியில்லாமல் வந்தோம், நிலம் போய் வந்தோம் என்றால் அப்படியே எழுதுங்கள். அதில் வெட்கமில்லை. காகிதத்தில் இல்லாதது மூன்றாம் தலைமுறையில் கதையாகி, நான்காம் தலைமுறையில் காணாமல் போகும்.

இரண்டாவது, எண்பது வயதுக்கு மேற்பட்ட நம் உறுப்பினர்களின் பேச்சைக் கைபேசியில் பதிவு செய்ய வேண்டும். நலங்குப் பாட்டு, தாலாட்டு, ஊறுகாய்ப் பக்குவம், ஊர்க்கதை எதுவானாலும் சரி. தஞ்சாவூர்ப் பேச்சு, பாலக்காட்டுப் பேச்சு, ஹெப்பார் பேச்சு, சங்கேதிப் பேச்சு என்று அப்படியே வரட்டும். திருத்த வேண்டாம். இதை வருகிற கோடை விடுமுறையில் பேரப்பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடலாம். கருவியை நம்மை விட நன்றாகக் கையாளுகிறார்கள்.

மூன்றாவது, ஞாயிறு காலை ஒரு மணி நேரத் தமிழ் வகுப்பு. முதல் ஆறு மாதம் எழுத்தே வேண்டாம். கதை, பாட்டு, விடுகதை மட்டும். ஒலி காதில் ஏறிய பிறகு எழுத்து. கன்னட லிபியில் திருப்பாவை படிக்கும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள். மேல்கோட்டை வழி தோற்ற வழி இல்லை.

நான்காவது, அதே ஹாலில் அடுத்த மணி நேரம் கன்னட வகுப்பு. நேற்று வந்த நம் பிள்ளைகளுக்கும், முப்பது வருஷம் இருந்தும் "கன்னட கொத்தில்லா" என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்ட நம் வயதுக்காரர்களுக்கும். முதல் வரிசையில் நான் உட்காருகிறேன். வேர் கொடுக்கும் தண்ணீரைக் குடித்துவிட்டு வேரின் பெயர் தெரியாது என்று சொல்லக்கூடாது.

அடுத்த ஆண்டு விழாவில் ஆண்டறிக்கை வாசிக்கும்போது, எத்தனை குடும்பத் தாள்கள் வந்தன, எத்தனை மணி நேரம் பதிவாயிற்று, வகுப்புக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற மூன்று எண்களைச் செயலாளர் வாசிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். படிவங்கள் வாசலில் மேஜை மேல் இருக்கின்றன. இலை போடுவதற்கு முன் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பேனா இல்லாதவர்களுக்கு என்னிடம் நான்கு இருக்கிறது.